பந்துகளைத் திருப்பித் தந்த சுவர்

அந்தோணிக் கொத்தனார் மேற்குச் சுவரின் பழைய சுண்ணாம்பையெல்லாம் சுரண்டி முடித்துவிட்டுச் சாந்துச் சட்டியை எடுக்கக் குனிந்தபோது, நாலு மணி பத்து நிமிடத்துக்கு, சுவர் முதல் பந்தைத் திருப்பித் தந்தது. துணியைச் சுருட்டி, மேலே சைக்கிள் டியூப்பை நறுக்கி மாட்டிய பந்து அது. சுவரில் ஓட்டையும் இல்லை, கீறலும் இல்லை, பந்து மட்டும் அந்தோணியின் தோளுக்கு மேலாகப் பறந்து எதிர் வீட்டு வாசலில் இரண்டு முறை குதித்து நின்றது. அந்தோணி திரும்பிப் பார்த்தார், சட்டியைத் தள்ளி வைத்தார், "வேற யாருக்காவது விடுங்க, நான் பூசுத ஆளு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் இரண்டாவது பந்து வந்து சட்டியில் விழுந்தது. ஆறு மணி வரை வந்துகொண்டே இருந்தன.

எங்கள் உப்பள ஊரான வெள்ளளத்தில் யாரும் பயந்து ஓடவில்லை. அது சுடலைக்கண்ணுவின் வீட்டுச் சுவர் என்பதும், ஐம்பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒன்பது வயதுப் பையனாக அவர் அந்தச் சுவரில்தான் பந்தடித்து வாருபந்து என்ற விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்பதும் உப்புக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லயன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அடித்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான், வாங்கியதைச் சுவர் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாருபந்து தெரியாதவர்கள் இப்போது குறைவு. உப்புப் பாத்தியில் உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகையைப் போலக் குட்டையாக ஒரு மட்டை, ஆளுக்கொரு சுவர், யாருடைய பந்து முதலில் தரையில் இரண்டு முறை விழுகிறதோ அவர் தோற்றார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு வலது பக்கம் மூன்றடி தள்ளிப்போய்க் கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும், அதற்கு விலகல் என்று பெயர். தனியாகச் சுவரோடு விளையாடுகிறவன் எதற்காக விலக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, பாத்தியை இழுத்தபின் வரப்புக்கு விலகி நிற்பது உப்பளத்துக்காரனின் பழக்கம் என்று தொலைக்காட்சியில் வர்ணனையாளர்கள் சொல்வார்கள். உப்பைப்போல அடக்கம் என்றும் ஒருவர் சொன்னார். நாங்கள் கேட்டுத் தலையாட்டினோம்.

சுடலைக்கண்ணு இறந்து ஒரு வருடம் ஆவதற்குள், அவர் சின்ன வயதில் வாழ்ந்த வீட்டை நினைவு இல்லமாக்க வாருபந்துச் சம்மேளனம் முடிவுசெய்திருந்தது. உப்புக் கம்பெனி லயன் வீட்டை எழுதிக் கொடுத்தது. பேரூராட்சி அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்த என்னிடம், லயனில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால், கல்வெட்டு வாசகத்தை எழுதும் பொறுப்பு வந்தது. "வாருபந்தைத் தனியாகக் கண்டுபிடித்த சுடலைக்கண்ணு பிறந்து வளர்ந்த வீடு" என்று சம்மேளனச் செயலாளர் டார்வின் ஞானதுரை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சுவர் பந்து தர ஆரம்பித்த பிறகு, எத்தனை பந்து, எந்த நேரம், என்ன உயரம் என்று குறித்துவைக்கும் வேலையும் எனக்கே வந்தது.

ஒரு வாரத்துக்குள் ஊர் அந்தச் சுவரைச் சுற்றித் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது. மினிபஸ் நாலு பத்துக்கு முன்னாலோ ஆறுக்குப் பின்னாலோதான் லயனுக்குள் வந்தது; டீக்கடைக்காரர் தன் பெஞ்சுகளைப் பந்து வராத பக்கமாகத் திருப்பிப் போட்டார்; மீன்பிடிக்கிற சொந்தக்காரர்களிடம் கிழிந்த வலைகளை வாங்கிவந்து எதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் கட்டினார்கள்; அதிகாலையில் அளத்துக்குப் போய் வெயில் ஏறுமுன் திரும்பித் தூங்குகிறவர்கள் முதல் பந்தின் சத்தத்தில் எழுந்து முகம் கழுவினார்கள். மின்வாரியத்துக்காரர் கணக்கெடுக்கும்போது தலையில் ஒன்று பட்டு, தடவிக்கொண்டே, "நல்ல கை அண்ணாச்சிக்கு" என்றார். பேரூராட்சிக் கூட்டத்தில் இந்தப் பந்துகள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு மணி நேரம் பேசி, அந்தந்தப் பந்து யார் வாசலில் விழுகிறதோ அவர்களுக்கே என்று தீர்மானம் போட்டார்கள்.

பந்துகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. டியூப்பைக் கழற்றி உள்ளே இருந்த துணியை உதறினால், அது லயனில் ஏதாவது ஒரு வீட்டுத் துணிக்கொடியில் இருந்து அந்தக் காலத்தில் காணாமல்போன துணியாக இருந்தது. ஒருவருக்கு அப்பாவின் பாதிச் சட்டை கிடைத்தது. ஒருவருக்குத் தொட்டில் சீலையின் கரை கிடைத்தது. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கட்சிகளின் கொடிகள் ஒரே பந்துக்குள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன. மாசானமுத்து வீட்டாரும் லிங்கம் வீட்டாரும் ஒரு கல்யாண வேட்டியைத் திருடிவிட்டதாகச் சண்டைபோட்டு மூன்று தலைமுறையாகப் பேசாமல் இருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வேட்டி எட்டுப் பந்துகளாக வந்து சேர்ந்தது. மாசானமுத்துவின் மகன் எட்டுத் துண்டுகளையும் துவைத்துக் காயவைத்து லிங்கம் வீட்டு வாசலில் போய் நின்று, "மச்சான், உங்க வீட்டுக்காரங்க மேல சொன்னது தப்புதான்" என்றார். உள்ளேயிருந்து, "அதைச் சொல்ல அறுபது வருசமா? உள்ள வந்து சாப்புடுங்கய்யா" என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்த வீட்டுக்குள்ளேயே ஒருவர் குடியிருந்தார். சுடலைக்கண்ணுவின் தங்கை சிவகனி. அறுபத்தாறு வயது, கல்யாணமாகிப் போய் நாலு வருடத்தில் திரும்பி வந்தவர், உப்புப் பொட்டலம் போடும் கொட்டகையில் இன்னும் வேலைக்குப் போகிறார். அண்ணன் பேரும் புகழும் பெற்று ஊர் ஊராகப் போனபோதும் அவர் அங்கேயேதான் இருந்தார். திறப்பு விழாவுக்கு முன்னால் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் ஓர் அறை தருகிறோம் என்றும் செயலாளர் சொல்லியிருந்தார்.

"அவுக சின்ன வயசுல எப்படி இருந்துதோ அப்படியே வீட்டை வைக்கணும் அக்கா. டிவி, கட்டில், ஃபேன் இதெல்லாம் அப்ப கிடையாது பாத்தியளா" என்றார் ஞானதுரை.

"நான் இருந்தேன்லா அப்ப" என்றார் சிவகனி.

"அது சரி..."

"பெறவு ஃபேனை மட்டும் கழத்திட்டுப் போ. நான் இருந்தபடியே இருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானதுரையும் சிரித்தார். ஆனால் தேதி மாறவில்லை. அவர் கெட்டவர் இல்லை, இதை நான் சொல்லியாக வேண்டும். சுடலைக்கண்ணு முதன்முதலில் சேர்த்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அவர் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர். வீட்டுக்குள் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தால் அது எப்படி நினைவு இல்லம் ஆகும் என்பதுதான் அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

சிவகனி ஒரு தகரப் பெட்டியில் தன் சேலைகளை அடுக்க ஆரம்பித்தார். ஒரு நாள் அடுக்கினார், மறுநாள் எடுத்து உடுத்தினார், அதற்கு மறுநாள் திரும்ப அடுக்கினார்.

நான் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தபோது, பந்துகள் ஒன்றுவிட்டு ஒன்றுதான் ஒரே மாதிரி வருகின்றன என்று தெரிந்தது. முதல் பந்து ஒரு பையனின் நெஞ்சு உயரத்தில் நேராக வரும். அடுத்தது முழங்கால் உயரத்தில், இடது பக்கமாக வளைந்து வரும். பிறகு உயரம், பிறகு தாழ்வு. எழுநூற்றுச் சொச்சம் பந்துகளில் ஒன்றுகூட வரிசை மாறவில்லை. என் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று பயந்து, அந்தோணியிடம் சொல்லிச் சுவரில் இரண்டு சாக்பீஸ் கோடு போடச் செய்து, இன்னும் மூன்று நாள் பார்த்தேன். மாறவில்லை.

அந்த மூன்றாம் நாள், சுவரோரம் பந்து படாத மூலையில் சிவகனி உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தி இடது கையில் இருந்தது. அவர் இடது கைக்காரர் என்று எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சித்தி, தாழ வர்ற பந்தெல்லாம் நீங்க அடிச்சதா?"

அவர் கத்தியை வைக்கவில்லை. "ஏட்டி ரோஸ்லின், ஒனக்கு ஆபீசுல வேலை இல்லையா?"

"இதுதான் வேலை."

இன்னொரு கருவாட்டை எடுத்தார். ஒரு பந்து உயரமாகப் போனது. ஒரு பந்து தாழ்வாகப் போனது. அதற்குப் பிறகு சொன்னார். அண்ணன் அடித்த மாத்திரத்தில், "தள்ளிப் போ லே, இனி என் முறை" என்று இவர் கத்துவார். அவன் மூன்றடி தள்ளுவான். தள்ளாவிட்டால் இவர் மட்டையாலேயே முட்டியில் போடுவார். மூன்று வருடம் அப்படி விளையாடினார்கள். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை வாருபலகையைத் தொடக்கூடாது. பெண்கள் உப்பைச் சுமப்பார்கள், ஆண்கள்தான் இழுப்பார்கள். பெண் கை பட்ட பலகையால் உப்பு தண்ணீராகப் போகும் என்று அளத்தில் எல்லாரும் நம்பினார்கள். ஒரு நாள் மாலை இவர் கையில் பலகையை மேஸ்திரி பார்த்துவிட்டார். மறுநாள் காலை, சித்திரையில், யாரும் எதிர்பாராத மழை கொட்டி அம்பாரம் அம்பாரமாக உப்பு கரைந்து கடலுக்குத் திரும்பிப் போனது. லயன் முழுக்க வாசலில் வந்து நின்றது. பன்னிரண்டு வயது அண்ணன் முன்னால் வந்து, "நான் தனியாத்தான் அடிப்பேன். அவ பந்து பொறுக்கித்தான் தருவா" என்றான்.

"அன்னைக்கு எனக்காகத்தான் அப்படிச் சொன்னான்" என்றார் சிவகனி. "பெறவு பேப்பர்காரங்க கேக்கும்போதும் அதையே சொன்னான். டிவியிலயும் அதையே சொன்னான். அந்தப் பொய்யிலயே குடியிருந்துட்டான். வெளிய வரத் தெரியல பாவம்."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? என்னாலதான் மழை பேஞ்சுதுன்னா?"

மறுநாள் நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஞானதுரையிடம் போனேன். மேசைமேல் விரித்துப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். பையன் வளர்ந்திருப்பான், உயரம் மாறியிருக்கும் என்றார். ஒன்றுவிட்டு ஒன்று வளர்ந்து வளர்ந்து குறைய முடியாது சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவுக தனியா ஒரு சுவத்தோட நின்னாவங்கிறதைச் சொல்லித்தாம்மா ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைகளை நான் நிக்க வச்சேன். துணைக்கு ஆள் இல்லன்னா என்ன, சுவர் இருக்குல்லான்னு. அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டா என்கிட்ட என்ன மிஞ்சும்?"

நான் நோட்டை மூடி எடுத்துக்கொண்டேன். கல்வெட்டில் தனியாக என்ற சொல் அப்படியே வெட்டப்பட்டது. சித்தியின் பெட்டியும் கட்டப்பட்டது.

திறப்பு விழா அன்று மூவாயிரம் பேர் வந்தார்கள். அளத்து வரப்புகளிலெல்லாம் ஆட்கள், அம்பாரங்களின் சரிவிலெல்லாம் ஆட்கள், பாத்திகளில் தண்ணீர் மின்னியது, தண்ணீரிலும் ஆட்கள் தலைகீழாக நின்றார்கள். கல்லுக்கு மேல் மஞ்சள் பட்டு போர்த்தியிருந்தது. நாலு பத்துக்குச் சுவர் பந்து தர ஆரம்பித்ததும், மாநில அணியின் தலைவர் கபிலன் அந்தப் பந்துகளை எதிர்கொண்டு அடிப்பார் என்றும், அதற்குப் பிறகு பட்டு விலக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். சிவகனி தன் தகரப் பெட்டியோடு வாசற்படியில் நின்றார். அடுக்குமாடிக்குக் கொண்டுபோகச் சம்மேளனத்தின் வேன் நின்றது.

முதல் பந்து உயரமாக வந்தது. கபிலன் அதை அழகாக வாங்கி அடித்தார், பந்து சுவருக்குள் போய் மறைந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது. விதிப்படி மூன்றடி விலகிக் கோட்டைத் தொட்டார். அதற்குள் அடுத்த பந்து முழங்கால் உயரத்தில், அவர் ஒரு கணம் முன்பு நின்ற இடத்துக்கு இடது பக்கமாக வந்து, யாரும் இல்லாத மண்ணில் விழுந்தது. மூன்றாவதை அடித்தார், விலகினார். நாலாவது அதே காலி இடத்தில் விழுந்தது. ஐந்து, விலகல், ஆறு, மண். அவர் வேகமாக ஓடிப் பார்த்தார், குப்புற விழுந்து பார்த்தார், முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். தாழ்ந்த பந்து ஒன்றைக்கூட அவரால் தொட முடியவில்லை. முதலில் சிரித்த கூட்டம் பிறகு முணுமுணுத்தது, பிறகு அமைதியானது. மூவாயிரம் பேரும் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பந்து விழுந்துகொண்டிருந்த அந்தக் காலி இடத்தையே பார்த்தோம். ஓர் ஏழு வயதுக் குழந்தை நிற்கும் அளவுக்கு அந்த இடம் தெளிவாக இருந்தது.

"யாரோ நிக்கணும்யா அங்கன" என்று அம்பாரத்துச் சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி எதுக்கு விலகுனாவ? யாருக்கு வழி விட்டாவ?" என்று இன்னொரு குரல் கேட்டது.

அந்தோணிக் கொத்தனார் மட்டும் வேறு பக்கம் திரும்பி, வாசற்படியில் நின்றவரைப் பார்த்தார். "அக்கா, இடது கைப் பந்தா வருது" என்றார்.

லயனில் இருந்த வயதானவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அந்த மழை அவர்களுக்கு நினைவிருந்தது. வாசலில் வந்து நின்ற கூட்டத்தில் அவர்களில் சிலரும் இருந்தார்கள். மாசானமுத்துவின் மகன், யாரிடம் கேட்பது என்று தெரியாமல், ஒரு ஆட்டக்காரரின் மட்டையை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுபோய் சிவகனியின் முன் நீட்டினார். "மழை எல்லாருக்குந்தான் பேஞ்சுது, மதினி" என்றார்.

சிவகனி பெட்டியைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். மட்டையை வாங்கி எடை பார்த்து, "இது என்ன அகப்பை கணக்கா இருக்கு" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தோணி சாந்து இழுக்க வைத்திருந்த பெரிய பலகையை இடது கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கபிலன் உயரமான பந்தை அடித்து விலகிய அந்த நொடியில் காலி இடத்தில் போய் நின்றார். தாழ்ந்த பந்து வளைந்து வந்தது. அவர் உடம்பு குனிந்ததைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. டப்பென்று ஒரு சத்தம், பந்து சுவருக்குள் போயிற்று, சுரண்டியபின் சுவரில் மிச்சம் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூள் எல்லாம் ஒரு மூச்சில் உதிர்ந்தது.

அப்போது மூவாயிரம் பேரும் எழுப்பிய சத்தத்தில் அளத்துக் கொக்குகளெல்லாம் எழுந்து கடலைப் பார்த்துப் போயின.

நாலு சுற்று ஆனதும் சிவகனி, "தம்பி, நீ நல்லாத்தான் ஆடுத, கொஞ்சம் தள்ளி நில்லு. அவனும் நானும் ஆடணும்" என்றார். கபிலன் வணங்கிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு சுவர் தாழ்ந்த பந்துகளைத் தரவே இல்லை. உயரமானதை மட்டும் தந்தது; அவர் அதை இடது கையால் தாழ்வாக அடித்தார்; சுவர் வாங்கிக்கொண்டு உயரமாகத் தந்தது; அவர் தாழ்வாகத் தந்தார். "தள்ளிப் போ லே!" என்று அவர் ஒவ்வொரு முறையும் கத்தினார், கூட்டமும் சேர்ந்து கத்தியது, பள்ளிப்பிள்ளைகள் கத்தினார்கள், மினிபஸ் டிரைவர் ஹார்னில் கத்தினார், சுவர் கொஞ்சம் தாமதித்து, மூன்றடி நடக்கும் நேரம் அளவுக்குத் தாமதித்து, அடுத்த பந்தை விட்டது. ஆறு மணி ஆனது. ஆறே கால் ஆனது. சுவர் நிறுத்தவில்லை. சூரியன் பாத்திகளுக்குள் இறங்கி எல்லாத் தண்ணீரும் சிவந்தபோது, இறுதியில் சிவகனி ஒரு பந்தை அடித்தார், சுவர் அதை வாங்கித் திருப்பித் தரவில்லை. அவர் பலகையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "தோத்துட்டான்" என்றார்.

ஞானதுரை கல்லின் முன்னால் போய் நின்றார். அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் அது துக்கத்தில் இல்லை என்று பக்கத்தில் நின்ற என்னால் சொல்ல முடியும். தானே பட்டுத் துணியை இழுத்தார். "அந்தோணி, உளி வச்சிருக்கியளா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்த வார்த்தைன்னு காட்டும்மா" என்றார். நான் விரலை வைத்துக் காட்டினேன். அந்தோணி அந்த ஒரு சொல்லை அங்கேயே கொத்தி எடுத்து, நான் கேட்டபடி பக்கத்தில் சிவகனியின் பெயரை வெட்ட ஆரம்பித்தார். தகரப் பெட்டியை உள்ளே கொண்டுபோக ஆறு பேர் சண்டை போட்டார்கள். வேன்காரர் யாரும் சொல்லாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஞானதுரை சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்து இரண்டு கையாலும் சிவகனியிடம் நீட்டினார். வீட்டை ஒப்படைத்ததற்கு அடையாளமாக அன்று காலை அதை அவர் கேட்டு வாங்கியிருந்தார்.

"இந்தாங்க அக்கா, உங்க வீட்டுச் சாவி."

"இந்த வீட்டுக்கு எப்ப பூட்டு இருந்துது?" என்றார் சிவகனி. "நீ சாவி கேட்டியேன்னு நேத்து கடையில போயி வாங்கியாந்தேன்."

அவர் கதவில் தொங்கிய அந்தப் பூட்டைக் கழற்றினார், சாவியை அதிலேயே மாட்டினார், இரண்டையும் சேர்த்து மேலே எறிந்து, இறங்கி வரும்போது பலகையால் ஓர் அடி அடித்தார். பூட்டு வேப்பமரத்துக்கு மேலே ஏறியது, அம்பாரங்களுக்கு மேலே ஏறியது, கடைசி வெளிச்சத்தில் ஒருமுறை மின்னியது, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் மூவாயிரம் பேரும் அது எங்கே விழும் என்று அண்ணாந்து நின்றோம். சிவகனி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கதவைக் காலால் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார்.